பீரோ மேல் இருக்கும் அவசரப் பை

போன இதழில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வீட்டில் என்னென்ன தயார் செய்து வைக்கலாம் என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. வீட்டை விட்டு அவசரமாகக் கிளம்புவதை முன்கூட்டியே பழகிப் பார்க்க முடியுமா, அதற்கு டென்ட் போட்டு வெளியே தங்குவது உதவுமா என்று கேட்கிறார்கள். ஆகவே இந்த இதழ் முழுக்க அதுதான்.

முடிச்சூர் வாசகி: 2015, 2023 என்று இரண்டு தடவை வீட்டுக்குள் தண்ணீர் வந்து வெளியேறியவர்கள் நாங்கள். இப்போது அவசரப் பை ஒன்றைக் கட்டி பீரோ மேல் வைத்திருக்கிறேன். என் கணவரோ, "பை மட்டும் போதாது, ஒரு சனி ஞாயிறு அந்தப் பையோடு எல்லாரும் கிளம்பி எங்காவது டென்டில் தங்கிப் பார்க்கணும்" என்கிறார். மாமியாருக்கு 71 வயது, பையனுக்கு 9. இது உருப்படியான யோசனையா, யூடியூப் பார்த்து வந்த ஆசையா?

இரண்டும்தான். ஆசையில் வந்தது என்பதற்காக யோசனை கெட்டுப்போகாது, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். 2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி, மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது எங்கள் வீட்டிலும் ஒரு பை இருந்தது. 2012இல் நீலம் புயல் வந்த சமயத்தில் கட்டியது. அதை யாரும் அதற்கப்புறம் திறக்கவே இல்லை. டார்ச்சுக்குள் பேட்டரி கசிந்து பச்சை பூத்துக் கிடந்தது, பிஸ்கட் மாவாகியிருந்தது, மகளுக்கென்று வைத்த கவுன் மூன்று வயதுப் பிள்ளைக்கானது, அவளுக்கு அப்போது ஆறு வயது. இதையெல்லாம்கூட விடுங்கள். கிளம்பலாம் என்று முடிவு செய்ததிலிருந்து வாசலைத் தாண்டுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பீரோ சாவியைத் தேடினோம், அம்மாவின் கண்ணாடியைத் தேடினோம், கேஸ் ரெகுலேட்டரை மூடினோமா என்று பார்க்கத் திரும்பி ஒரு தடவை உள்ளே போனோம், அதற்குள் "டிவியை மேலே ஏற்றிவிடலாமா" என்று ஒரு விவாதம் வேறு. நாங்கள் போய்த் தங்கிய பள்ளிக்கூடம் 400 மீட்டர்தான். அந்தத் தூரத்தைக் கடக்க முக்கால் மணி நேரம். காரணம் என்ன தெரியுமா? அம்மா நைட்டி போட்டிருந்தார். முழங்கால் அளவு தண்ணீரில் நனைந்த நைட்டி இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிப்போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும், ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. ரப்பர் செருப்பு சேற்றில் உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது. பை கட்டும்போது இதெல்லாம் யார் யோசித்தார்கள்?

பை கட்டுவது உட்கார்ந்து செய்கிற வேலை. கிளம்புவதும், சுமப்பதும், இருட்டில் சமைப்பதும், தெரியாத இடத்தில் தூங்குவதும் உடம்பால் செய்து பார்த்தால்தான் தெரியும். அதைச் செய்து பார்க்க வேறு சாக்கு கிடைக்காததால்தான் டென்ட். கேம்பிங் என்று சொன்னால் பையனும் பயப்பட மாட்டான், மாமியாரும் "அபசகுனமாப் பேசாதே" என்று சொல்ல மாட்டார்.

ஆனால் முதல் தடவையே ஊரைத் தாண்டிப் போகாதீர்கள். முதல் ராத்திரி உங்கள் மொட்டை மாடியிலேயே இருக்கட்டும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்து, மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இருபது நிமிடம். அதற்குள் பை, மருந்து, காகிதங்கள், ஆட்கள் எல்லாம் மாடிக்குப் போயிருக்க வேண்டும். போனில் டார்ச்சைத் தவிர வேறெதுவும் கூடாது. காலை ஏழு மணி வரை யாரும் கீழே இறங்கக் கூடாது, பாத்ரூமுக்கும்கூட (அந்தக் கேள்வி தனியாக வந்திருக்கிறது, வருகிறேன்). அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பல இடங்களில் மாடிக் கதவு பூட்டியிருக்கும், சாவி அசோசியேஷன் செயலாளரிடம் இருக்கும், அவர் ஊரில் இருக்க மாட்டார். நீங்கள் ஒத்திகை செய்த அன்றே அது தெரிந்துவிடும்.

நாங்கள் முதல் தடவை செய்தபோது இருபது நிமிடம் நாற்பத்தைந்தானது. தீப்பெட்டி இருந்தது, அதை உரசும் பக்கம் ஈரம். ஒரு கையில் டார்ச் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சோறு கட்ட முடியாது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதிலிருந்து தலையில் மாட்டுகிற ஹெட்லாம்ப்தான். கொசுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இது சரியாக வந்தபின், மூன்று நான்கு வாரம் கழித்து, வெளியே ஒரு ராத்திரி. மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கம் சொந்தக்காரர் தோப்போ வயல் கொட்டகையோ இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. வண்டியை ஒரு கிலோமீட்டருக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு, எல்லாருடைய பையையும் முதுகில் போட்டுக்கொண்டு உங்கள் மாமியார் நடக்கும் வேகத்தில் நடங்கள். கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது கிடைக்கிற அந்த எண்தான் உங்கள் குடும்பத்தின் உண்மையான வேகம், அதுவும் காய்ந்த தரையில். தண்ணீரில் அது பாதியாகக்கூட இருக்காது. ஓடுகிற தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரிய ஆளின் காலை வாரிவிடும், 30 சென்டிமீட்டரில் சின்ன கார் மிதந்து நகர ஆரம்பிக்கும். கணுக்கால் அளவுதானே என்று ஓடுகிற தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

மாமியார் விஷயத்தில் ஒன்று. அவரைத் தரையில் படுக்க வைக்காதீர்கள். சின்ன டென்ட் வாசலில் தவழ்ந்து நுழைந்து, நடுராத்திரியில் முட்டி வலியோடு தரையிலிருந்து எழுந்திருப்பது என்றால் அடுத்த ஜென்மத்துக்கும் அவர் வர மாட்டார். மடக்குக் கட்டிலோ பிளாஸ்டிக் நாற்காலியோ எடுத்துக்கொண்டு, மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டிவிடுங்கள். அவருக்குச் சுடிதாரோ பேண்ட்டோ போட்டுப் பழக்க முடியுமா என்றும் பாருங்கள். எங்கள் அம்மா மகளின் டிராக் பேண்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று கழற்றவே இல்லை.

பையனுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். டார்ச் அவனுடையது, விசில் அவனுடையது. ஒன்பது வயதுக்கு அது பெரிய பதவி.

திரும்பி வரும் காலையில், கிளம்புவதற்கு முன்னால், ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அவசரப் பையின் மேல் ஊற்றுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. பிறகு திறந்து பாருங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா நகல் எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று அங்கேயே தெரிந்துவிடும். எங்களுக்கு ஜிப் வழியாக முக்கால்வாசி நனைந்திருந்தது. அப்புறம்தான் இட்லி மாவு வாங்கும் கனமான கவர்களை இரட்டையாகப் போட்டு ரப்பர் பேண்ட் கட்டும் வழக்கம் வந்தது, அது எந்த விலை உயர்ந்த பையையும்விட நன்றாக வேலை செய்கிறது. காகிதங்களின் படம் டிஜிலாக்கரிலும், வெளியூர் உறவினர் ஒருவரின் போனிலும் இருக்கட்டும்.

கடைசியாக, எப்போது கிளம்புவது என்பதை அந்த ராத்திரியே பேசி முடிவு செய்துவிடுங்கள். "மூன்றாவது படி நனைந்தால் கிளம்புவோம்" என்று ஒரு கோடு. ஆனால் உங்கள் ஊர் அடையாற்றை ஒட்டியது, அங்கே மழைத் தண்ணீர் வேறு, ஏரித் தண்ணீர் வேறு. 2015இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். 2024 டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வந்தபோது தென்பெண்ணைக் கரையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர். திறந்துவிட்ட தண்ணீர் படிப்படியாக ஏறாது. அதனால் சிவப்பு எச்சரிக்கை வந்து, அதாவது 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் அதி கனமழை என்று வானிலை மையம் சொல்லி, ஏரி திறப்பு அறிவிப்பும் வந்துவிட்டால் படியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். 2015இல் எங்களுக்கு நடந்த பெரிய தப்பு அதுதான், காலையில் போயிருக்க வேண்டியவர்கள் ராத்திரி போனோம்.

கோயம்புத்தூர் கல்லூரி மாணவர்: நாங்கள் ஆறு நண்பர்கள். ரிசார்ட் டென்டுக்கெல்லாம் காசு இல்லை. மருதமலை, ஆனைகட்டிப் பக்கம் காட்டுக்குள்ளேயே ஒரு ராத்திரி எந்த வசதியும் இல்லாமல் தங்கினால் பேரிடர்ப் பயிற்சிக்கு அதுதானே உண்மையான சோதனை?

இல்லை தம்பி. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போவதே குற்றம், 1882ஆம் வருடத் தமிழ்நாடு வனச் சட்டத்திலிருந்து அப்படித்தான். சட்டத்தைக்கூட விடுங்கள், நீங்கள் சொல்லும் மலையடிவாரம் முழுக்க யானை நடமாட்டம் உள்ள இடம், யானைக்கு உங்கள் டென்ட் தெரியாது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்டில் தங்கவந்த பெண் ஒருவர் யானை மிதித்து இறந்தார், அது காசு கட்டித் தங்கிய இடம். அப்புறம் குரங்கணி. 2018 மார்ச் 11, கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் போனார்கள். சென்னையிலிருந்தும் ஈரோட்டுப் பக்கத்திலிருந்தும் வார இறுதிக்கு வந்த, உங்களைப் போன்ற இளைஞர்கள்.

மேலை நாடுகளில் நிலைமை வேறு. ஸ்காட்லாந்தில் 2003ஆம் வருடச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான திறந்த நிலத்தில் டென்ட் போடும் உரிமை இருக்கிறது, இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற மேட்டு நிலத்துக்கு அந்த உரிமை உண்டு என்று 2025 மே மாதம் அவர்களுடைய உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அங்கே புலியும் இல்லை யானையும் இல்லை. அந்த ஊர் வீடியோவைப் பார்த்துவிட்டு ஆனைகட்டியில் செய்யக் கூடாது.

காடுதான் வேண்டுமென்றால் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' 2024 அக்டோபரில் தொடங்கியது, 40 பாதைகள், வழிகாட்டியோடு போகலாம். பெரும்பாலும் பகல் நடைதான். சுமையோடு நடந்து பழக அது போதும். ராத்திரி தங்க, ஆறு பேரில் ஒருவருக்காவது பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தாத்தா தோட்டம் இல்லாமலா இருக்கும்? காட்டு ஓரமாக இல்லாத தோட்டமாகப் பார்த்துப் போங்கள், ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். காய்ந்து கிடக்கிறதே என்று ஆற்று மணலில் மட்டும் டென்ட் போடாதீர்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும், மலையில் கொட்டிய மழை ராத்திரி இரண்டு மணிக்கு வந்து சேரும்.

வேளச்சேரி வாசகி: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மிக்ஜாம் புயல் சமயத்தில் முதல் மாடியில் நான்கு நாள் இருந்தோம். சாப்பாடு, தண்ணீர்கூடச் சமாளித்தோம். கழிவறைதான் நரகம். ஒத்திகையில் இதை எப்படிப் பழகுவது?

கூச்சமே வேண்டாம், வந்த கடிதங்களில் உருப்படியான கேள்வி இதுதான். பாக்கி எல்லாரும் டென்ட் எந்த கம்பெனி நல்லது என்று கேட்கிறார்கள்.

தெருவில் தண்ணீர் நின்றால் பாதாளச் சாக்கடை நிரம்பி, கீழ் வீட்டுக் கழிவறை வழியாக மேலே வரும். முதல் மாடியில் நீங்கள் ஊற்றுவது கீழ் வீட்டுக்குள் போகும். மோட்டார் ஓடாததால் ஊற்றவும் தண்ணீர் இருக்காது. இதற்கு வழி பழைய பெயிண்ட் வாளி. இருபது லிட்டர், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். உள்ளே கனமான கறுப்புக் குப்பைப் பை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. பக்கத்தில் ஒரு சாக்கில் தேங்காய் நார்த்தூள், மாடித்தோட்டத்துக்கு விற்கிறார்களே அதுதான். மரத்தூள் கிடைத்தால் அதுவும் சரி. ஒவ்வொரு தடவையும் இரண்டு கைப்பிடி போட்டு மூடிவிட்டால் நாற்றம் அவ்வளவாக இருக்காது, ஈ வராது. சிறுநீரைத் தனி வாளியில் பிரித்துவிட்டால் பெரிய நிம்மதி, இரண்டும் சேர்ந்தால்தான் நாற்றம். உட்கார வயதானவர்களுக்குப் பழைய பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு வாளியை அடியில் வைத்துவிடலாம், மருந்துக் கடைகளிலேயே கமோடு நாற்காலி விற்கிறது. மறைப்புக்கு ஒரு பழைய போர்வை, நான்கு கிளிப். பைகளை வெள்ளத் தண்ணீரில் எறியாதீர்கள், அதில்தான் நாளைக்கு நீங்களும் நானும் நடக்கப் போகிறோம். கட்டி ஓரமாக வைத்து, தண்ணீர் வடிந்ததும் துப்புரவுப் பணியாளர்களிடம் என்ன என்று சொல்லிக் கொடுங்கள், சாதாரணக் குப்பையோடு சேர்த்துத் திணிக்காதீர்கள்.

மொட்டை மாடி ராத்திரியில் இதைக் கட்டாயம் பயன்படுத்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் முதல் தடவை எல்லாரும் அடக்கிக்கொண்டே காலை வரை இருந்தார்கள், அது பயிற்சியே இல்லை. தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் அதன் அடுத்த விளைவு. முகாம்களில் பெண்கள் கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றோடு வீடு திரும்புவது வழக்கமான கதை. நாப்கின் மூன்று நாளைக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு வையுங்கள், முகாமில் பக்கத்துப் பெண்ணுக்கும் தேவைப்படும்.

நாகப்பட்டினம் வாசகர்: நாங்கள் கடலோடிகள். சுனாமியும் பார்த்தோம், கஜாவும் பார்த்தோம். புயல் என்றால் பாதுகாப்பு மையத்துக்குப் போவோம். டென்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பட்டணத்துக்காரர்கள் பொழுதுபோக்கு இது.

ஐயா, நீங்கள் சொல்வது சரி. புயலுக்கு டென்ட் எதற்கும் உதவாது, உலகத்திலேயே மோசமான இடம் அதுதான். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரை கடந்தபோது நின்ற தென்னையே சாய்ந்தது, நைலான் துணி எம்மாத்திரம். புயலுக்கும் வெள்ளத்துக்கும் உறுதியான கட்டடம், மேடான இடம், அவ்வளவுதான். டென்டில் நாம் பழகுவது கிளம்பும் வேகத்தை, சுமையை, இருட்டை. அதை முதல் கேள்வியிலேயே தெளிவாகச் சொல்லாமல் விட்டது என் தவறு.

டென்டே தங்குமிடமாக உதவும் பேரிடர் ஒன்று உண்டு, நிலநடுக்கம். 2016 ஏப்ரலில் ஜப்பானின் குமாமோட்டோவில் 14ஆம் தேதி ஒன்று, 16ஆம் தேதி அதைவிடப் பெரியதாக இன்னொன்று. முதலாவதில் தப்பி வீடு திரும்பியவர்கள் இரண்டாவதில் மாட்டிக்கொண்டார்கள். அதற்கப்புறம் கூரைக்கு அடியில் போகவே ஜனங்கள் பயந்து காருக்குள் தூங்கினார்கள், நாள் கணக்கில் காலை மடக்கி உட்கார்ந்தபடி தூங்கி, கால் நரம்பில் ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்கு ஏறி இறந்தவர்கள் உண்டு. மலையேற்ற வீரர் நோகுச்சி கென் மாஷிகி என்ற ஊரில் பெரிய டென்ட் முகாம் போட்டார், காலை நீட்டிப் படுக்க முடிந்ததே அங்கே பெரிய விஷயம். ஜப்பானில் பிள்ளைகளுக்குப் பேரிடர்க் கேம்ப் நடத்துவதன் பின்னணியில் இந்த மாதிரி அனுபவங்கள் இருக்கின்றன.

உங்களிடம் நான் கேட்க ஒன்று இருக்கிறது. உங்கள் மையத்துக்கு ராத்திரி, கரண்ட் இல்லாமல், குழந்தைகளோடு நடந்து பார்த்திருக்கிறீர்களா? சாவி யாரிடம் என்று தெரியுமா? தெரியும் என்றால் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

தூத்துக்குடி வாசகர்: நான் இன்சுலின் போடுபவன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நான்கு நாள் கரண்ட் இல்லை, ஃபிரிட்ஜில் இருந்த மருந்து கெட்டுவிட்டதோ என்று பயந்து கொட்டிவிட்டேன். கேம்பிங் ஒத்திகையில் இதை எப்படிச் சரிசெய்வது?

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த வெள்ளம் அது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று எண்ணூறு பேர் மாட்டிக்கொண்டார்களே, அவர்களிலும் எத்தனை சர்க்கரைக்காரர்கள் இருந்தார்களோ.

கொட்டியிருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான இன்சுலின், பயன்பாட்டில் இருக்கும் குப்பி, 30 டிகிரிக்குள் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். உங்களுடைய வகைக்கு எத்தனை நாள் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும், மருத்துவரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க ஒரு வழி: பெரிய மண்சட்டி, உள்ளே சின்னச் சட்டி, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. காற்றோட்டமான நிழலில் வைத்தால் வெளியைவிட நன்றாகவே குளிர்ந்திருக்கும். மழைக்கால ஈரக்காற்றில் கோடைக்காலம் அளவுக்கு வேலை செய்யாது, அதனால் ஒத்திகை ராத்திரியில் உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஐஸ் கட்டியை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின்தான் உண்மையாகவே வீண்.

ஆனால் நீங்கள் கேட்காத இன்னொன்றைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஊசி போட்டாயிற்று, சாப்பாடு தள்ளிப்போகிறது, சுமையோடு ஒரு கிலோமீட்டர் நடக்கிறீர்கள். சர்க்கரை இறங்கிவிடும். என் மாமா ஒத்திகையன்று தோப்புக்குப் போகும் வழியில் வரப்பிலேயே வியர்த்து உட்கார்ந்துவிட்டார். கையில் கடலை மிட்டாய் இருந்ததால் தப்பித்தோம், ஆனால் அதை மென்று தின்று சர்க்கரை ஏற நேரம் ஆனது. அதிலிருந்து குளுக்கோஸ் பொடி அவர் சட்டைப் பையில், முதுகுப் பையில் இல்லை. கூட வருகிறவர்களுக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

திருச்சி வாசகர்: பையின் எடை எவ்வளவு இருக்கலாம்? எங்களுடையது 18 கிலோ.

உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், பழக்கம் இல்லாதவர் என்றால் அதற்கும் குறைவாக. 18 கிலோ பையை ஒரு தடவை இரண்டு மாடி ஏற்றி இறக்குங்கள், நீங்களே குறைத்துவிடுவீர்கள். எடையெல்லாம் தண்ணீர்தான், தலைக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டுமே மூன்று லிட்டர், அதாவது மூன்று கிலோ. ஒரு நாள் தண்ணீரைச் சுமந்துகொண்டு மிச்சத்துக்குக் குளோரின் மாத்திரை வையுங்கள், அடுப்பு கிடைக்கும் இடத்தில் தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். சமைக்கும் சாமானைப் பாதி எறியுங்கள். அவல், பொட்டுக்கடலை மாவு, வெல்லம், பேரீச்சம்பழம் இவற்றுக்கு அடுப்பே வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தட்டையான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அடுப்பு எடுத்துப் போனால், எவ்வளவு மழையானாலும், டென்டுக்குள் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

டொராண்டோ வாசகர்: இங்கே 72 மணி நேரத்துக்குத் தயாராக இருக்கச் சொல்கிறார்கள். அரசு நிலத்தில் இலவசமாக டென்ட் போடலாம். குடும்பத்தோடு ஒத்திகை செய்ய இதுதானே வசதியான இடம்?

கொடுத்துவைத்தவர் நீங்கள். ஒன்டாரியோவாசிகள் கிரவுன் லேண்ட் எனப்படும் அரசு நிலத்தில் ஓர் இடத்தில் 21 நாள் வரை இலவசமாகத் தங்கலாமே, எங்களுக்கு அந்த மாதிரி ஒன்று இல்லை. தீ மூட்டத் தடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாப்பாட்டை டென்டுக்குள் வைக்காமல் தள்ளி உயரத்தில் கட்டி வைத்து, கரடிக்கு இடம் கொடுக்காமல் போய்வாருங்கள்.

ஆனால் டொராண்டோவில் உங்களுக்கு வர வாய்ப்பு அதிகம் உள்ளது வெளியேற்றம் அல்ல, 2013 டிசம்பர் பனிமழை மாதிரி ஒன்று. மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போய், கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜனங்கள் உறைந்துகொண்டிருந்தார்கள். ஆகவே கோடையில் காட்டில் ஒரு ராத்திரி, குளிர்காலத்தில் ஹீட்டரை அணைத்துவிட்டு வீட்டு ஹாலிலேயே டென்ட் போட்டு ஒரு ராத்திரி. இரண்டாவதில்தான் அதிகம் கற்றுக்கொள்வீர்கள், சின்ன டென்டுக்குள் நான்கு பேர் உடம்புச் சூடே எவ்வளவு உதவுகிறது என்பது உட்பட. குழாய் உறையுமளவுக்குப் போகவிடாதீர்கள். ஆல்பர்ட்டாவில் உறவினர் யாராவது இருந்தால் அவர்களுக்கு வேறு பாடம். 2016 மே மாதம் ஃபோர்ட் மெக்மர்ரியில் காட்டுத்தீயால் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒற்றை நெடுஞ்சாலையில் கிளம்பினார்கள், பலருக்கு வழியிலேயே பெட்ரோல் தீர்ந்துவிட்டது. டேங்க் எப்போதும் பாதிக்குக் கீழே போக வேண்டாம்.

ஈரோடு வாசகி: எங்கள் நாயையும் கூட்டிப் போகலாமா?

ஒத்திகைக்குக் கட்டாயம் கூட்டிப் போங்கள். முகாம்களில் பெரும்பாலும் உள்ளே விட மாட்டார்கள், அதனால் நாயோடு ஏற்றுக்கொள்ளும் உறவினர் வீடு ஒன்றை இப்போதே பேசி வையுங்கள். ராத்திரி டென்டில் அது குரைத்துக்கொண்டே இருந்தால் அந்த உறவினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கடலூர் வாசகர்: ஒத்திகைக்கு எந்த மாதம் சரி? மழையிலேயே செய்தால்தானே உண்மையாக இருக்கும்?

மழையில் வேண்டாம், இடி மின்னலில் வேண்டவே வேண்டாம். செப்டம்பர் கடைசி, அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையாகப் பாருங்கள். இருட்டு கிடைக்கும், வடகிழக்கு மழை தொடங்கியிருக்காது, பையில் எது குறைகிறது என்று தெரிந்து வாங்க இரண்டு மூன்று வாரம் இருக்கும். எங்கள் வீட்டில் ஒத்திகைக்கு அடுத்த ஞாயிறு பையைத் தரையில் கொட்டி, பழைய பிஸ்கட்டைத் தின்று தீர்த்துப் புதிது வைக்கிறோம், மகள் வளர்ந்துவிட்ட உடையை மாற்றுகிறோம். பீரோ மேல் இருந்த பை இப்போது வாசல் கதவுக்குப் பின்னால், குடை மாட்டும் ஆணியில் தொங்குகிறது. அவசர உதவிக்கான 112, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 மூன்று எண்களையும் பால் கணக்கு எழுதும் நாட்காட்டியில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம், போனில் சார்ஜ் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் போனிலாவது கூப்பிடலாம் இல்லையா.